இரண்டு மார்ச் முதல் நாள்கள்: பாவகடா சூரிய மின் பூங்காவும் குத்தகையின் வரலாறும்

கர்நாடகத்தின் நில வரலாற்றில் மார்ச் முதல் நாள் இருமுறை இடம்பெறுகிறது. 1974ஆம் ஆண்டு அந்நாளில், தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகையில் இருந்த வேளாண் நிலங்கள் அன்றுமுதல் அரசின் வசமாயின. அவற்றைப் பயிரிட்டு வந்தோர் நிலத் தீர்ப்பாயங்களில் விண்ணப்பித்து உரிமை பெறலாம் என்றாயிற்று. படைவீரர் முதலான சில விலக்குகள் நீங்கலாக, வேளாண் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதே சட்டத்துக்குப் புறம்பானது. 44 ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, துமகூரு மாவட்டம் பாவகடா வட்டத்தில் ‘சக்தி ஸ்தலா’ என்னும் சூரிய மின் பூங்காவை அன்றைய முதலமைச்சர் சித்தராமையா தொடங்கிவைத்தார். 13,000 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவின் பெரும்பகுதி உழவர்களின் பட்டா நிலம். அந்த நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை; கையகப்படுத்தப்படவும் இல்லை. அரசு நிறுவனம் ஒன்று அதை உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருக்கிறது.

நாள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் குத்தகையை ஒழித்த அரசு, அரை நூற்றாண்டுக்கும் குறைந்த காலத்துக்குள் மாநிலத்தின் மிகப் பெரிய குத்தகைதாரர்களுள் ஒன்றாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பாவகடாவின் மண்ணிலிருந்தும் ஊர்ப்பெயர்களிலிருந்தும் தொடங்குவதே பொருத்தம்.

1. பாலை என்பது நிலமா, நிலையா?

பெங்களூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில், மூன்று பக்கமும் ஆந்திரம் சூழ்ந்திருக்க அமைந்துள்ளது இப்பூங்கா. செய்திக் கட்டுரைகள் பலவும் இப்பகுதியைப் பாலைநிலம் என்றே அறிமுகப்படுத்துகின்றன. புவியியல் நோக்கில் அது பிழை. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் பகுதியைப் பாலைவனம் என்பது பொதுவழக்கு. பாவகடா பெறுவதோ ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. செம்மண், கருங்கல் குன்றுகள், முட்புதர், இடையிடையே மானாவாரிக் கொல்லைகள் என்று விரியும் இந்த நிலத்தை வறண்ட புன்செய் என்பதே சரி.

தமிழ் மரபில் பாலை குறித்து ஒரு நுட்பமான புரிதல் உண்டு. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலமும் தெய்வமும் வகுத்த தொல்காப்பியம், பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்ற விளக்கம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வருகிறது. பாலை ஒரு நிலம் என்பதைவிட, நிலத்துக்கு நேரும் ஒரு நிலை என்பதே அதன் சாரம். பாவகடாவுக்கு நேர்ந்ததை விளக்க இதைவிடப் பொருத்தமான கருத்து கிடைப்பது அரிது.

பூங்காவுக்கு நிலம் கொடுத்த ஐந்து ஊர்கள் திருமணி, வள்ளூரு, பாலசமுத்திரா, ராயச்செர்லு, கியாதகானச்செர்லு. இவற்றுள் மூன்றின் பெயரிலேயே நீர் இருக்கிறது. ‘சமுத்திரம்’ தென்னிந்திய ஊர்ப்பெயர்களில் பேரேரியைக் குறிப்பது. அம்பாசமுத்திரத்தையும் கோபாலசமுத்திரத்தையும் அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. ‘செர்லு’ என்னும் ஈற்றைத் தெலுங்கில் ஏரியைச் சுட்டும் ‘செருவு’ என்ற சொல்லின் பன்மையோடு இணைத்துப் பார்க்கலாம். அச்சொல் தமிழில் வயலைக் குறிக்கும் ‘செறு’வோடு ஒப்புநோக்கத்தக்கது. தெலுங்கில் ஏரி, தமிழில் வயல். தேக்கிய நீரும் அந்நீரால் விளையும் நிலமும் ஒன்றையொன்று சார்ந்தே சொல்லாயின போலும். கன்னட நாட்டு ஆட்சிக்கு உட்பட்டுத் தெலுங்கு பேசும் ஊர்கள் தம் பெயர்களில் ஏரிகளைச் சுமந்திருப்பது, பெயரிட்டோர் இந்த நிலத்தைப் பாழாகக் கருதவில்லை என்பதற்கு எளிய சான்று.

ஊர்ப்பெயர்களுக்கு அப்பாலும் சான்றுகள் உள்ளன. நந்தி மலைப் பகுதியில் பிறந்து வடக்கே ஓடும் வடபெண்ணை, அதாவது உத்தர பினாகினி, இவ்வட்டத்தின் நாகலமடிகே வழியே செல்கிறது. தமிழகத்துக்கு வரும் தென்பெண்ணையும் அதே மலைப் பகுதியில் பிறப்பதே. இவ்வட்டத்தில் உள்ள நிடுகல் மலையை இருப்பிடமாகக் கொண்டு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட சோழக் கிளையினர், தம்மைக் கரிகாலன் வழியினர் என்றும் உறையூர்க்கு உரியவர் என்றும் கல்வெட்டுகளில் கூறிக்கொண்டனர். அந்த வழிமுறை உரிமை வரலாற்று உண்மையா என்பது வேறு வினா. காவிரிக்குக் கரையெழுப்பியவனாகப் போற்றப்படும் ஓர் அரசனின் பெயரை வறண்ட மேட்டுநிலத்துக் குறுநில மன்னர்கள் விரும்பிச் சூடிக்கொண்டனர் என்பது மட்டும் நோக்கத்தக்கது. இத்தகைய நிலத்தில் ஆட்சி என்பது ஏரி வெட்டுவதும் மதகு காப்பதுமாகவே இருந்தது.

2. நிலம் திரிந்த விதம்

ஏரிப் பாசனம் தளர்ந்த கதை தக்காணம் முழுவதற்கும் பொதுவானது. பராமரிப்பு ஊரிடமிருந்து வருவாய்த் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் கைமாறியது. தூர் வாருவது நின்றது. வரத்துக் கால்வாய்கள் அடைபட்டன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறு வந்தபோது ஏரியின் தேவையே மறைந்ததுபோல் தோன்றிற்று. கேழ்வரகும் கொள்ளும் துவரையும் விளைந்த கொல்லைகளில் சந்தைக்கான நிலக்கடலை பரவியது. நிலக்கடலை ஒரு மழை தவறினாலும் கைவிடும் பயிர். மழை தவறிய ஆண்டில் கடன் வாங்கி இன்னும் ஆழமாகத் துளையிடுவதும், அத்துளையும் வறண்டுபோவதும் வழக்கமாயின. கிடைத்த நீரிலோ புளூரைடு மிகுந்திருந்தது. பல்லிலும் எலும்பிலும் அதன் தழும்பைச் சுமக்கும் மக்களால் பாவகடா மருத்துவ ஆய்வுகளில் இடம்பெற்றது.

அறுபது ஆண்டுகளில் ஐம்பத்து நான்கு முறை இவ்வட்டம் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது என்பது பூங்காவைப் பற்றிய எழுத்துகளில் தவறாமல் இடம்பெறும் வாசகம். இதிலுள்ள ‘அறிவிக்கப்பட்டது’ என்னும் சொல் கவனத்துக்குரியது. மழையின்மை வானிலை நிகழ்வு; வறட்சி என்பது நிருவாக அறிவிப்பு. ஐம்பத்து நான்கு அறிவிப்புகள் நிவாரணத்துக்கு வழிசெய்தன. அவற்றோடு, இந்நிலம் எதற்கும் ஆகாதது என்ற எண்ணத்தையும் கோப்புகளில் உறையச் செய்தன. வேலை தேடிப் பெங்களூருக்குச் செல்லும் பேருந்துகள் நிறைந்தன. 2005 பிப்ரவரியில் இவ்வட்டத்தின் வெங்கடம்மனஹள்ளியில் காவலர் முகாம் மீது நக்சல்பாரிகள் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, பாவகடா என்றால் வறுமையும் வன்முறையும் என்று வெளியுலகம் முடிவுகட்டிற்று.

வருவாய்த் துறையின் சொற்களும் இம்முடிவுக்குத் துணைநின்றன. சாகுபடிக்கு உதவாத நிலத்தைக் கர்நாடகப் பதிவேடுகள் ‘கராப்’ என்கின்றன. அரபு மூலத்திலிருந்து வந்த அச்சொல்லுக்குக் கெட்டது, பாழ் என்று பொருள். தமிழகத்தின் ‘தரிசு’ம் ‘புறம்போக்கு’ம் அதன் உறவினர்களே. வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்று பொருள்பட்ட புறம்போக்கு, பேச்சுவழக்கில் மனிதரை இகழும் வசையாக மாறியதைத் தமிழர் அறிவர். வரி தராத நிலம் பயனற்றது, பயனற்றது என்றால் யாருக்கும் உரியதன்று என்ற தருக்கம் இச்சொற்களுக்குள் படிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கராப்பிலும் கால்நடைக்கென ஒதுக்கப்பட்ட கோமாளத்திலும் அறுவடை முடிந்த பட்டா நிலத்திலும்தான் ஆடுகள் மேய்ந்தன, விறகு பொறுக்கப்பட்டது. பதிவேட்டில் அதற்குரிய கட்டம் இருக்கவில்லை.

3. மின்சாரத்தின் முந்தைய நிலங்கள்

பாவகடாவை விளங்கிக்கொள்ள, கர்நாடகத்தில் மின்சாரமும் நிலமும் இதற்குமுன் எவ்வாறு சந்தித்தன என்பதையும் காண வேண்டும். திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து 92 மைல் நீண்ட கம்பி வழியே மின்சாரம் முதலில் சென்ற இடம் கோலார் தங்கவயல். வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், பெரும்பாலும் தலித்துகள், இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு அம்மின்சாரம் வந்தது 1905 ஆகஸ்டில். மின்சாரம் பிறக்கும் இடமும் அது செல்லும் இடமும் வேறுவேறு என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே நிலைபெற்றுவிட்டது.

அடுத்த கட்டம் ஷராவதி. 1948இல் ஜோக் அருவிக்கருகே மின் நிலையமும், 1964இல் லிங்கனமக்கி அணையும் வந்தன. சாகர வட்டத்தின் ஊர்களும் தோட்டங்களும் நீரில் மூழ்கின. அதே சாகர வட்டத்தின் காகோடு என்னும் ஊரில்தான் 1951இல் குத்தகையாளர்கள் நிலவுடைமையாளருக்கு எதிராகச் சத்தியாகிரகம் நடத்தினர். ராம்மனோகர் லோகியா அங்குச் சென்று கைதானார். உழுபவருக்கே நிலம் என்று அப்போராட்டம் எழுப்பிய கோரிக்கைதான் 1974இல் சட்டமாகக் கனிந்தது. ஒரே வட்டத்தில் ஒருபுறம் உழுபவருக்கு நிலம் கேட்டுப் போராட்டம்; மறுபுறம் மின்சாரத்துக்காக உழுநிலம் நீருக்குள். அணையால் இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, குடியமர்த்தப்பட்ட நிலத்துக்கு முறையான உரிமைப் பத்திரம் இன்றி இன்றளவும் அலைகின்றன. அவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் ஆவணத்தில் வனநிலமாகவே நீடிப்பது அதற்குக் காரணம்.

இந்த நினைவுகளின் பின்னணியில் பார்த்தால் பாவகடாவின் குத்தகை முறை ஒரு முன்னேற்றமே. அதை மறைப்பது நேர்மையாகாது.

4. குத்தகையின் கணக்கு

2015இல் இந்திய சூரிய எரிசக்திக் கழகமும் கர்நாடகப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டுக் கழகமும் இணைந்து, கர்நாடக சூரிய மின் மேம்பாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தன. முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்திருந்த புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம், இழப்பீட்டை உயர்த்திச் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியிருந்தது. வேளாளர் அல்லாதார் வேளாண் நிலம் வாங்குவதற்கு மாநிலச் சட்டத்தில் அப்போது கட்டுப்பாடுகள் இருந்தன. அவை தளர்த்தப்பட்டது 2020இல்தான். இந்நிலையில் குத்தகை எல்லோருக்கும் எளிய வழியாயிற்று. உழவர் உடைமையை இழக்க வேண்டியதில்லை. அரசு பெருமுதல் போட வேண்டியதில்லை. நிறுவனங்களோ நிலத் தகராறின்றிப் பாத்தி பாத்தியாகப் பிரித்த இடத்தைக் கழகத்திடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். ஏறத்தாழ 2,300 உழவர்கள் கையொப்பமிட்டனர். 2019 இறுதிக்குள் பூங்கா 2,050 மெகாவாட் என்னும் முழுத்திறனை எட்டியது.

ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. காலம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். மழை தவறியபோது விதைக்கடலையின் செலவுகூடத் திரும்பாத நிலத்துக்கு இது உறுதியான வருவாய். கடன் அடைந்தது, வீடு எழும்பியது, பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர். பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு இது வாழ்வில் முதன்முறையாக வாய்த்த மாதச் சம்பளம் போன்றது.

ஆயினும் கணக்கை நீட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாண்டுக்கு 5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 24 ஆண்டுகளில், பன்னிரண்டு உயர்வுகளுக்குப் பின், 21,000 ரூபாய் ஏறத்தாழ 37,700 ஆகும். இந்திய ரிசர்வ் வங்கி இலக்காக வைத்திருக்கும் 4 விழுக்காடு விலையேற்றமே நிகழ்ந்தாலும், அந்தத் தொகையின் வாங்கும் ஆற்றல் தொடக்கக் காலத்து 14,700 ரூபாய்க்குத்தான் சமம். தொகை ஏறிக்கொண்டே போகும். மதிப்பு இறங்கிக்கொண்டே வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 13,000 ஏக்கர் முழுமைக்கும் வாடகை கொடுப்பதாகக் கொண்டாலும், தொடக்க வீதத்தில் அது ஆண்டுக்கு 27.3 கோடி ரூபாய். பூங்கா தன் முழுத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் இயங்குவதாக எளிமையாகக் கணித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 359 கோடி அலகு மின்சாரம். அலகு 3 ரூபாய் என்றால் 1,077 கோடி ரூபாய். நிலத்தின் பங்கு நூற்றுக்கு இரண்டரை. பலகைகளுக்கும் கடனுக்கும் ஆகும் பெருஞ்செலவு எஞ்சிய பங்கில் அடங்கும் என்பது உண்மையே. எனினும், மழையை நம்பிய காலத்தில் நட்டமும் இலாபமும் உழவருடையவையாக இருந்தன. வெயிலை நம்பும் காலத்தில் அவருக்கு உரியது வாடகை மட்டுமே.

5. பஹணியில் இல்லாதோர்

குத்தகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவுசெய்தது ‘பஹணி’ எனப்படும் நில உரிமைப் பதிவேடு. 2000-களின் தொடக்கத்தில் ‘பூமி’ திட்டத்தின் கீழ்க் கணினிமயமான இப்பதிவேடு, இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்டது. பெயரும் பரப்பும் தெளிவாக இருந்ததால்தான் இத்தனை உழவர்களோடு இவ்வளவு விரைவில் ஒப்பந்தம் செய்ய முடிந்தது. அதே தெளிவு, பதிவேட்டில் இல்லாதோரையும் தெளிவாக வெளியே நிறுத்தியது.

முதலாவதாக, நிலமற்ற கூலியாட்கள். நிலக்கடலை விதைக்கவும் களையெடுக்கவும் கொடி பறிக்கவும் கூலிக்குச் சென்றோர், அவர்களுள் பெரும்பான்மையான தலித் பெண்கள், பயிர் நின்ற அன்றே வேலை இழந்தனர். பூங்கா தந்த வேலைகள் புல் வெட்டுதல், பலகை கழுவுதல், காவல் காத்தல் ஆகியவை. கட்டுமானக் காலம் முடிந்ததும் அவையும் சுருங்கின. இரண்டாவதாக, ஆடு மேய்ப்போர். பட்டா நிலத்தில் அறுவடைக்குப் பின் மேய்ப்பது எழுதப்படாத உரிமை. கம்பிவேலி வந்ததும் அவ்வுரிமை எவ்வித ரத்து ஆணையும் இன்றி முடிந்தது, மந்தைகள் விற்கப்பட்டன. மூன்றாவதாக, ‘பகர் ஹுகும்’ சாகுபடியாளர். உத்தரவின்றி என்று பொருள்படும் இச்சொல், அரசு நிலத்தைப் பட்டா இன்றிப் பல ஆண்டுகளாக உழுது வருவோரைக் குறிக்கும். பட்டாதாரருக்கு வாடகை, உத்தரவின்றி உழுதவருக்கு அந்தச் சொல்லே விடை.

இங்குதான் 1974க்கும் 2018க்கும் இடையிலான தொடர்ச்சி வெளிப்படுகிறது. அர்ஸ் காலச் சீர்திருத்தம் குத்தகையாளரை உடைமையாளர் ஆக்கியது. அது பெரும் சாதனை. ஆனால் குத்தகையாளரின் வயலில் கூலி வேலை செய்தவருக்கு அச்சட்டத்தால் கிடைத்தது சொற்பம் என்பதை வரலாற்றாய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவந்துள்ளனர். நிலத்தோடு ஆவண உறவு கொண்டவர் கணக்கில் வந்தார். உடலுழைப்பால் உறவு கொண்டவர் வரவில்லை. பாவகடா அந்த எல்லைக் கோட்டை அப்படியே பின்பற்றியது. ஒரு சட்டம் குத்தகையை ஒழித்தது, ஒரு திட்டம் அதை மீட்டது. இரண்டுக்கும் நடுவே கூலியாளின் இடம் மாறவில்லை.

இது பாவகடாவுக்கு மட்டும் உரியதன்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் நிலையம் நிலத்தை விலைக்கு வாங்கியே அமைந்தது. விற்றவரின் உறவு அன்றோடு முடிந்தது. மெய்யான பாலைவனமான ராஜஸ்தானின் தார்ப் பகுதியில் அமைந்த பட்லா பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். அங்கு அரசு நிலம் மிகுதி. ஆனால் ‘ஓரண்’ எனப்படும் தெய்வக் காடுகளும் ஒட்டகமும் ஆடும் மேயும் வெளிகளும் அப்பகுதியில் உண்டு. ஏட்டில் தரிசு, வழக்கில் மேய்ச்சல் என்ற முரண் அங்கும் அதுவே. இம்மூன்றனுள் உழவரின் பெயரை நிலத்திலிருந்து நீக்காதது பாவகடா முறைதான். ஆகவேதான் அதன் குறையைத் திருத்துவது பயனுள்ளது. வாடகையில் ஒரு சிறு பங்கை ஐந்து ஊர்களின் நிலமற்றோருக்கென ஒதுக்குவதும், உயர்வு வீதத்தை விலையேற்றத்தோடு பிணைப்பதும் நடைமுறைக்கு எட்டாத கனவுகள் அல்ல.

6. குத்தகை முடியும் நாள்

ஒப்பந்தங்கள் 2040-களில் முடிவுக்கு வரும். நிலத்தைச் சமன்செய்து பலகைகள் நடப்பட்டபோது வரப்புகளும் வேலியோர மரங்களும் மறைந்துவிட்டன. எவருடைய கொல்லை எங்கு முடிந்தது என்பதை இனிப் பஹணியும் அளவை வரைபடமுமே சொல்ல முடியும். நிலத்தைத் திரும்பப் பெறப்போவோர், பெரும்பாலும், அதில் ஒருமுறையும் ஏர் பிடித்திராத பிள்ளைகள். எந்த மண்ணில் கடலை ஓடும், எந்த மூலையில் நீர் தேங்கும் என்ற அறிவு, அதைக் கையால் அறிந்த கூலியாட்களோடு பெங்களூரின் கட்டடப் பணியிடங்களுக்குச் சென்றுவிட்டது.

திருமணியின் துணைமின் நிலையத்திலிருந்து உயரழுத்தக் கம்பிகள் வெளியேறுகின்றன. அவற்றின் கீழே பாலசமுத்திரா, ராயச்செர்லு, கியாதகானச்செர்லு ஆகிய ஊர்கள் இன்றும் ஏரிகளின் பெயரையே சுமந்து நிற்கின்றன. ஏரி வெட்டிய காலத்தில் நீர் பாயும் முறை வயலுக்கு வயல் வகுக்கப்பட்டிருந்தது. கடைமடைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வெயிலுக்கு அத்தகைய முறை இன்னும் வகுக்கப்படவில்லை.